தெருமுனையில் இல்லாத கார்

முட்டைச்சுருள் ஆறிவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மழை நாட்களில் நான் காரை அந்தக் காலை உணவுக் கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவேன். வெயில் நாட்களில் ஸ்கூட்டர். எங்கே வேண்டுமானாலும் சொருகிவிடலாம். மழை ஓயாத நம் லுவோடோங் ஊரில் வருடத்துக்கு எத்தனை வெயில் நாட்கள் என்று உங்களுக்கே தெரியும், ஐயா.

நீங்கள் கேட்டது போன மாதம் நடந்ததைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன்னால் எனக்கு வந்த ஓர் அபராதச் சீட்டிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும். என் பெயர் வெங் மாவ்ஷெங். ஆற்றோரம் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் முப்பத்தொரு வருடமாக வாத்தியார். ஒன்றை விட்டு ஒன்று தாவிச் சொன்னால் மாணவன் குழம்பிவிடுவான் என்பது என் அனுபவம். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

அந்தச் சீட்டு ஒரு நவம்பர் மாதம் தபாலில் வந்தது. என் மனைவிதான் பிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் என் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவருக்கே சீட்டு வந்திருக்கு. ஸ்கூல் வாசல்ல ஃப்ரேம் போட்டு மாட்டிடுங்க."

பெரும்பாலானவர்கள் சீட்டை வாங்கியதும் தொகையைத்தான் பார்ப்பார்கள். பார்த்துக் கோபப்படுவார்கள், அல்லது இவ்வளவுதானா என்று நிம்மதி அடைவார்கள். அதற்கு மேல் படிக்க மாட்டார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது வேறு. மேலிருந்து கீழே படி. வண்டி எண், இடம், தேதி, நேரம், எந்த விதி, புகார் யாருடையது. இதில் ஒன்று தவறாக இருந்தாலும் சீட்டு நிற்காது. நானும் அப்படித்தான் படித்தேன். வண்டி எண் சரியாக இருந்தது. இடம், பழைய மரக்கிடங்குத் தெருவும் கோயில் சந்தும் சேரும் முனை. விதி, சந்திப்பிலிருந்து பத்து மீட்டருக்குள் வண்டியை நிறுத்தியது. புகார், பொதுமக்களில் ஒருவர் எடுத்து அனுப்பிய புகைப்படம். நேரம், காலை ஏழு இருபத்தொன்று.

நேரத்தைப் படித்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்து மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பது பலருக்குத் தெரியாது. நடைபாதையின் ஓரக்கல் எங்கே வளையத் தொடங்குகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். அங்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறதா இல்லையா என்பது பேச்சில்லை. கோடு இல்லாவிட்டாலும் விதி இருக்கிறது. தெருமுனையில் நிற்கிற வண்டி அடைப்பது இடத்தை அல்ல, பார்வையை. குறுக்கே வருகிற ஆளை ஓட்டுநர் பார்ப்பதற்குக் கிடைப்பது ஒன்றரை நொடி. முனையில் வண்டியை நிறுத்துகிறவன் அந்த ஒன்றரை நொடியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். இதை வாரத்துக்கு மூன்று முறை கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன்.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். புகைப்படத்தில் என் பின்சக்கரம் ஒரு சாக்கடை மூடியை ஒட்டி நின்றது. அந்த மூடியிலிருந்து வளைவுக்கு இரண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். ஆக, தூரத்தை வைத்து ஆட்சேபிக்க வழியில்லை. இடத்தை வைத்தும் முடியாது, எண்ணை வைத்தும் முடியாது. மிச்சம் இருந்தது நேரம் ஒன்றுதான்.

ஆட்சேபிப்பது குடிமகனின் உரிமை. சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. எத்தனை நாளுக்குள், எந்த அலுவலகத்துக்கு, என்னென்ன இணைக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. ஒரு வாத்தியார் மேல் கறை இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதில் பிழை இருப்பதாக நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

அந்தப் படம் எடுத்த அன்று காலை அதே முனையில் ஒரு விபத்து நடந்திருந்தது. ஆம்புலன்ஸுக்கு அழைப்பு போன நேரம் ஏழு இருபத்துமூன்று. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

முனையில் இருக்கும் காலை உணவுக் கடை லானுடையது. லான் சூடான இரும்புக் கல்லின் முன்னால் நிற்பான், அவன் மனைவி உள்ளே சோயாப்பால் காய்ச்சுவாள். அவர்களுடைய பெண் யோயோவுக்கு ஏழு வயது. பள்ளிக்குக் கிளம்பும்வரை வாடிக்கையாளர்களின் பைகளில் சாஸ் பொட்டலம் போடுவது அவள் வேலை. எல்லோருக்கும் ஒன்று போடுவாள், எனக்கு மட்டும் இரண்டு.

அன்று நல்ல மழை. நான் உள்ளே நுழைந்ததும் லான் ஆரம்பித்தான்.

"மழைக்குப் பயந்து கார்லயா வந்தீங்க, வாத்தியாரே? நீங்க என்ன சக்கரையா, கரைஞ்சு போக?"

"சர்க்கரை எனக்கு ரத்தத்துல இருக்கு. சீக்கிரம் போடு," என்றேன்.

யோயோ மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, முகவாய்க்குக் கீழே பட்டையை மாட்டினாள். "வெங் தாத்தா, உங்க வண்டி தண்ணிக்குள்ள நிக்குது. அதுக்குச் சளி புடிக்கும்," என்றாள். உள்ளேயிருந்து அவள் அம்மா, "ரெயின்கோட்டு பட்டனைப் போடுடீ," என்று குரல் கொடுத்தாள். யோயோ போய்விட்டு வருகிறேன் என்று என்னிடம் கையசைத்துவிட்டு வெளியே போனாள். எதிர்ப்பக்கம் போக வேண்டும். என் காரின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

மாவு மூட்டையை லாரியிலிருந்து போடும்போது ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரிதான் கேட்டது.

லான் தட்டைக்கரண்டியோடு அப்படியே ஓடினான். அவன் மனைவியும் ஓடினாள். கல்லில் என் முட்டைச்சுருள் கருகத் தொடங்கியது. நான் அடுப்பை அணைத்தேன். பிறகு வெளியே போய்க் காரை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வர இடம் வேண்டும் அல்லவா. சந்திப்பில் விபத்து நடந்தால் முதலில் வழியை ஒழித்துக்கொடுக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லோரும் குழந்தையைச் சுற்றி நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் காரை விட்டுவிட்டுக் குடையோடு நடந்து திரும்பி வந்தேன். நீங்கள் வந்து சேரும்வரை போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியவன் நான்தான். அதற்காக உங்கள் போலீஸ் நிலையத்திலிருந்து எனக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வந்தது.

இடித்த வண்டியை ஓட்டிவந்தவள் பெயர் யூ சூச்சிங். நாற்பத்தொரு வயது. வீட்டில் டோஃபு செய்து, நீல நிறக் குட்டி லாரியில் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள். பதினொரு வருடங்களுக்கு முன் என் மாணவி. பின்னால் எடுத்து நிறுத்துவதில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை தேறியபோது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் தினமும் டோஃபுதான்.

அன்று அவள் ஈரத் தெருவில் உட்கார்ந்திருந்தாள். நான் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன். அவள் என் கால்சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

"வாத்தியாரே, இங்க ஒரு கார் நின்னுச்சு. வெள்ளிக் கலரு. புள்ள அதுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் வந்துச்சு. எனக்குத் தெரியவே இல்ல. மெதுவாத்தான் வந்தேன், சத்தியமா மெதுவாத்தான் வந்தேன். அந்தக் கார் எங்க?"

உங்கள் ஆள் ஒருவர் நின்றிருந்தவர்களை எல்லாம் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. என்னையும் கேட்டார், காரில் வந்தீர்களா என்று. "நடந்து வந்தேன்," என்றேன். கோயிலுக்குப் பின்னாலிருந்து நடந்துதான் வந்திருந்தேன்.

லானுக்கு நான் காரில் வந்தது தெரியும். அவன்தானே கேலி செய்தான். ஆனால் அந்தக் காலையிலிருந்து அவனுக்கு ஒன்றைத் தவிர வேறு எதுவும் நினைவில் தங்கவில்லை. குழந்தை உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

இனி சீட்டோடு வந்த புகைப்படத்துக்கு வருகிறேன். மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்த படம். மழைக்கு நடுவே என் கார், வண்டி எண், ஓரக்கல்லின் வளைவு எல்லாம் தெளிவாக இருந்தன. பானெட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சளாக ஒரு புள்ளி, சுண்டுவிரல் நகத்தில் பாதி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தொப்பி. மேலிருந்து எடுத்ததால்தான் அது தெரிந்தது. தெருவில் வருகிற ஒரு குட்டி லாரியில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்திருக்காது. யார் உட்கார்ந்திருந்தாலும் தெரிந்திருக்காது. எனக்கும்தான்.

அன்றைக்கு உங்களிடம் அந்தப் படத்தோடு வந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் யோசித்தேன். குழந்தை திரும்பி வரப்போவதில்லை. சூச்சிங் இடித்தது இடித்ததுதான், அது மாறாது. நான் ஒருவன் வேலையை இழப்பதால் யாருக்கு என்ன லாபம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகவே வந்தது.

படம் எடுத்தவர் குவான் பெரியவர். கடைக்கு எதிர் மாடியில் தனியாக இருந்தார். ரயில் நிலையத்தில் நாற்பது வருடம் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் உட்கார்ந்து முனையில் நிற்கும் வண்டிகளையெல்லாம் படம் பிடித்து அனுப்புவது அவர் வழக்கம். தெருவில் அவரைப் பிடிக்காதவர்கள் பலர். நான் ஒரு சனிக்கிழமை ஒரு பெட்டி பேரிக்காயோடு போனேன்.

"உங்க வண்டின்னு தெரியாது வாத்தியாரே," என்றார், கதவைத் திறந்து என் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததுமே. "தெரிஞ்சிருந்தாலும் அனுப்பியிருப்பேன்."

"அனுப்பத்தான் வேணும். நீங்க செஞ்சது சரிதான்," என்றேன். அது என் உண்மையான கருத்து.

விபத்தைப் பற்றி அவரே பேசினார். படம் எடுத்துவிட்டுக் கேமராவைத் துடைக்க உள்ளே திரும்பியிருக்கிறார். சத்தம் கேட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, முழங்கால் வலியோடு மூன்று மாடி இறங்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "அப்ப உங்க வண்டி அங்க இல்ல," என்றார். "நான் படம் எடுத்ததும் கிளம்பிட்டீங்களோ?" என்று என் முகத்தைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

"கேமராவைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மேஜையில் வைத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார். அவர் வீட்டுச் சுவரில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் ஒரே நொடியைக் காட்டின. கேமராவில் நான்கு பொத்தான்கள். நேரத்தோடு இருபத்தாறு நிமிடம் கூட்டினேன். தேநீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நல்ல தேநீர். இரண்டு கோப்பை குடித்தேன்.

என் ஆட்சேபக் கடிதம் ஆறே வரி. குறிப்பிட்ட நேரத்தில் நான் டிரைவிங் ஸ்கூலில் இருந்தேன், வருகைப் பதிவேட்டின் நகல் இணைத்திருக்கிறேன், புகைப்படக் கருவியின் நேரத்தைச் சரிபார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டில் வாரம் முழுவதற்கும் ஏழு இருபது என்று திங்கட்கிழமையே எழுதிவிடுவது என் பழக்கம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அதே நேரத்தில் நான் முனையில் நின்றதற்கு உங்கள் நன்றிக் கடிதம் இருந்தது அபராத அலுவலகத்துக்குத் தெரியாது.

அலுவலகத்தில் குவான் பெரியவரைக் கேமராவோடு வரச் சொன்னார்கள். அங்கிருந்த பெண் சுவர்க் கடிகாரத்தையும் கேமராவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இருபத்தாறு நிமிஷம் வேகமா ஓடுதே," என்றாளாம். அவர் நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். "நாப்பது வருஷம் என் கையைப் பாத்துத்தான் ரயில் கிளம்புச்சு, வாத்தியாரே. ஒரு நிமிஷம் தப்பினதில்ல. எப்படி நான் கவனிக்காம விட்டேன்?" திரும்பத் திரும்ப அதையே கேட்டார். வயசானால் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

மூன்று வாரத்தில் சீட்டு ரத்தாகிக் கடிதம் வந்தது. பெரியவர் கேமராவை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஜன்னல் திரை அதற்குப் பிறகு திறக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார்.

ஆனால் அதற்கு முன் அவர் நீதிமன்றத்துக்கு வந்தார். சூச்சிங்குக்காக வாதாடிய இலவச வக்கீல் கெட்டிக்காரப் பெண். அந்த முனையில் அன்று எந்த வண்டிக்காவது சீட்டு எழுதப்பட்டதா என்று கேட்டு எழுதியிருக்கிறாள். ஒன்று, நேரம் நம்பத்தக்கதாக இல்லாததால் ரத்து என்று பதில் வந்தது; வண்டி யாருடையது என்று அதில் இல்லை. அவள் பெரியவரைக் கூப்பிட்டாள். அவர் நேராக நின்று சொன்னார்.

"வெள்ளிக் கார் ஒண்ணு நின்னுச்சு. ஆனா நான் படம் எடுத்தது ஏழு இருபத்தொண்ணு இல்ல, ஆறு அம்பத்தஞ்சு. என் கடிகாரந்தான் தப்பு. அந்தம்மா வர்றதுக்கு அரை மணி முன்னாடியே அது போயிடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அவ்வளவு நேர்மையான மனிதர் சொன்னதால்தான் நீதிபதி அதற்கு மேல் தோண்டவில்லை. ரத்தான சீட்டின் படத்தை யார் பெரிதாக்கிப் பார்க்கப்போகிறார்கள்.

நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வரச் சொல்லிச் சூச்சிங்தான் கேட்டிருந்தாள். ஒரு வருடத் தண்டனை, நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைப்பு, உரிமம் ரத்து. அவள் லானையும் அவன் மனைவியையும் பார்த்து இடுப்பு மடங்கக் கும்பிட்டு அப்படியே நின்றாள். லானின் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னாள். அது சூச்சிங்கின் உரிமை. அவள் அதைப் பயன்படுத்தவில்லை.

கடையை லான் இரண்டு மாதம் கழித்துத் திறந்தான். நான் தொடர்ந்து போனேன். திடீரென்று நின்றால் நன்றாக இருக்காது. அவன் கேலி பேசுவதை விட்டுவிட்டான். பையில் சாஸ் பொட்டலம் ஒன்று இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. கேட்க மாட்டேன். அந்த ஒற்றைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஸ்கூல் மேஜை இழுப்பறையில் போட்டுவைப்பேன். இப்போது இழுப்பறை மூட முடிவதில்லை.

தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்துச் சூச்சிங் ஸ்கூலுக்கு வந்தாள். மதிய இடைவேளை. வகுப்பில் நான் மட்டும் இருந்தேன். மெலிந்து, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"வாத்தியாரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். யாரைக் கேட்டாலும் எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்க. நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க."

"கேளும்மா."

"அன்னைக்கு அங்க கார் நின்னுச்சா, இல்லையா?"

கரும்பலகையைத் துடைத்தேன். சாக்பீஸைத் தட்டினேன். அவள் பொறுமையாக நின்றாள். என் வகுப்பில் எப்போதும் அப்படித்தான் நிற்பாள்.

"இல்லம்மா," என்றேன்.

"அப்போ நான் பாத்தது?"

"உட்காரு." ஒரு கண்ணும் ஒரு மூளையும் வரைந்தேன். "ரொம்ப பயந்துட்டா மனசு ஒரு காரணத்தைத் தேடும். கிடைக்கலேன்னா தானே ஒண்ணை உண்டாக்கிக்கும். அதை நிஜமாவே பாத்த மாதிரி இருக்கும். இது உன் தப்பு இல்ல. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. குற்றம் முழுக்கத் தன்னுடையதுதான் என்று உறுதியானால் ஒருவருக்கு அவ்வளவு நிம்மதி வரும் என்று நான் நினைத்ததில்லை.

"இப்பவும் தெரியுது வாத்தியாரே," என்றாள். "எந்த முக்குக்குப் போனாலும் வெள்ளிக் கார் நிக்குது. சில சமயம் வருது. ரோட்டைத் தாண்ட முடியல. எம் வீட்டுக்காரர் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு. மார்க்கெட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. சின்னவன் வேற, 'அம்மா, நீயும் ஒண்ணாங் கிளாஸா?'ன்னு கேக்கறான்."

நான் சரி செய்கிறேன் என்றேன். காசு வேண்டாம் என்றேன். செவ்வாயும் வெள்ளியும், மதியம் மூன்று மணிக்கு, பதினான்கு வாரம். எங்கள் பயிற்சி மைதானத்தில் குறுக்குக் கோடு, சிக்னல் எல்லாம் இருக்கின்றன. அவளை ஓரக்கல்லில் நிறுத்தி, எதிரில் ஒன்றும் இல்லாத தெருவைப் பார்க்கச் சொல்வேன்.

"தெரியுதா?"

"தெரியுது. அதோ, திரும்புது."

"இருக்கா?"

"...இல்ல."

"வாய்விட்டுச் சொல்லு. ஒரு மூச்சை நல்லா இழு, 'இல்லை'ன்னு சொல்லு, நட. நின்னு பாத்தா அது பெருசாகும். பாக்காதே. நட."

முதல் மாதம் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவாள். மூன்றாம் மாதம் தனியாகப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மழைத் தூறலில் நான்கு முறை விடாமல் கடந்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று, "வாத்தியாரே, பாஸா?" என்று கத்திச் சிரித்தாள். நான் கை தட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்திருந்த வறுத்த டோஃபுவை இருவரும் தின்றோம். இன்னும் சூடாக இருந்தது. அன்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் தேறிக்கொண்டிருந்தாள். இப்போது போய் உண்மையைச் சொன்னால் பதினான்கு வாரமும் வீணாகிவிடும். ஒரு வாத்தியாரால் அதைச் செய்ய முடியாது. நான் எடுத்த பாடங்களிலேயே சிறந்தது அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

இனி போன மாதம். சந்தைச் சாலையில் அந்தச் சரக்கு வேனின் கேமராவில் பதிவானதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சியில் போட்டார்கள். மழை. வேனுக்குப் பச்சை விளக்கு. சூச்சிங் ஓரக்கல்லில் நிற்கிறாள், கையில் கீரைப் பை. வேனை நேராகப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு மூச்சை இழுக்கிறாள், தோள் உயர்வது தெரிகிறது. வாய் அசைகிறது. பிறகு நடக்கிறாள்.

அவளாகவே வேன் முன்னால் விழுந்து செத்துப்போனாள் என்று சிலர் சொல்கிறார்கள். பழைய குற்ற உணர்ச்சி என்று செய்தியில் சொன்னார்கள். அவள் கணவன் மட்டும் கேமராவைப் பார்த்துச் சொன்னான்: "அவளுக்குச் சரியாயிடுச்சு. வெங் வாத்தியார் சரி பண்ணிட்டார். போன வாரத்திலேருந்து தனியாத்தான் மார்க்கெட் போனா. சாகணும்னு நெனைச்சவ கீரை வாங்குவாளா?"

அவன் சொல்வது சரி. அவள் சாக நினைக்கவில்லை. அவள் வாய் அசைந்த இடத்தை நான் பதினொரு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் சொன்ன வார்த்தை "இல்லை." அந்த வேன் வெள்ளி நிறம், ஐயா.

நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒன்றுவிடாமல் செய்தாள். நிற்கவில்லை, திரும்பப் பார்க்கவில்லை.

இந்த உறையில் அந்தப் புகைப்படம் இருக்கிறது. சீட்டு ரத்தானபோது இதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். பானெட்டுக்கு அந்தப் பக்கம், மழைத் தாரைகளுக்கு நடுவே பாருங்கள். அன்று முனையில் கார் நின்றது. என்னுடைய கார். கேமராவின் நேரத்தை மாற்றியது நான். சூச்சிங்கின் கண்ணை அவளே நம்பாதபடி செய்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

இத்தனை நாள் கழித்து ஏன் என்று கேட்டீர்கள். காரணம் மிகச் சாதாரணமானது. வேன் ஓட்டிய லாய் இருபத்துநான்கு வயதுப் பிள்ளை. பச்சை விளக்கில், வேக வரம்புக்குள் வந்தவன். "அவங்க என்னைப் பாத்தாங்க, பாத்துட்டுத்தான் வந்தாங்க," என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்; சாக நினைக்காதவள் வேனைப் பார்த்தும் ஏன் நடப்பாள் என்று பழியை அவன் மேல் போடுகிறார்கள். நான் முப்பத்தொரு வருட வாத்தியார். ஒரு தப்பும் செய்யாத ஓட்டுநர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.